கோடு போட்ட கண்ணாடி

கடிதம் இன்னும் வரவில்லை.

ஆறு நாளாக அந்த வீட்டில் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் இது ஒன்றுதான். இன்றைக்கு அதைச் சொல்லவும் ஆளில்லை. சட்டக்காரர் விடிந்ததும் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போய்விட்டார். தலைநகரிலிருந்து கட்சியின் கடிதத்தை ஒருவர் கையோடு கொண்டுவருகிறார் என்று செய்தி வந்திருந்தது. எந்த வண்டியில் என்று மட்டும் செய்தியில் இல்லை.

படங்களுக்குச் சட்டம் போடுகிறவர் என்பதால் ஊரில் அவருக்குச் சட்டக்காரர் என்று பெயர். இருபத்தாறு வருஷமாக தேசியக் கட்சியின் நகரச் செயலாளர். யார் யாருக்கோ ஓட்டுக் கேட்டு இந்தத் தெருக்களைத் தேய்த்தவர், இந்த முறைதான் வேட்பாளர் பட்டியலுக்குத் தன் பெயரையும் அனுப்பியிருந்தார். மனுத் தாக்கலுக்கு இன்று கடைசி நாள். மூன்று மணியோடு கதவைச் சாத்திவிடுவார்கள். கட்சியின் கடிதம் இருந்தால் முன்மொழிய ஒரு கையெழுத்து போதும். இல்லாவிட்டால் தொகுதியில் ஓட்டு இருக்கிற பத்துப் பேர் போட வேண்டும், அப்போதும் சுயேச்சைதான்.

அவருடைய மைத்துனனுக்கு, அதாவது அவர் மனைவியின் தம்பிக்கு, இந்தக் கவலையெல்லாம் கிடையாது. அவன் மாநிலக் கட்சி. அவன் தலைவர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறார். நாலு நாளுக்கு முன்னால் அவனைக் கூப்பிட்டு, சாப்பாட்டு மேஜையிலேயே கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அன்று சாயங்காலமே தம்பி மனுவோடு வந்து நின்றான்.

"அக்கா, முன்மொழியற இடத்துல உன் கையெழுத்துதான் வேணும்."

அவள் கணவனைப் பார்த்தாள். அவர் சிரித்தார்.

"போடு, போடு. எனக்கும் ஒரு கையெழுத்து போதும். அதுக்கு இந்தத் தெருவுல ஆளா இல்ல?"

போட்டாள். ஒருவர் ஒரு மனுவுக்குத்தான் முன்மொழிய முடியும். அவளுடையது தம்பிக்குப் போனது.

ஒரே வீட்டில் இரண்டு கட்சி என்பது அவளுக்குப் பழகிப்போன விஷயம். பதினைந்து வருஷமாக, சாயங்கால டீயோடு சேர்த்து இந்தப் பேச்சையும் அவர்கள் குடித்து வந்தார்கள்.

"அத்தான், நம்ம ஊர்லேருந்து கடல் எத்தனை மைல்?"

"ஏன், குளிக்கப் போறியா?"

"இல்ல, நங்கூரத்துக்கு ஓட்டுக் கேக்குறீங்களே, எறக்கறதுக்குத் தண்ணி வேணாமான்னு பாத்தேன்."

"இந்த நாட்டுல எந்த மூலைக்குப் போனாலும் நங்கூரம் எங்க சின்னம்தான் மாப்ள. நீ உன் குழாய்ச் சின்னத்தைத் தூக்கிக்கிட்டு மாநில எல்லைச் சாவடியைத் தாண்டிப் பாரு. அந்தப் பக்கம் அது யாரோ ஒரு சைக்கிள் கடைக்காரரோட சின்னம்."

"தாண்டி நான் ஏன் போகணும்? எனக்கு ஓட்டு இந்தப் பக்கம்தானே இருக்கு?"

நேற்றுச் சாயங்காலம் அந்தப் பேச்சை எடுத்தது சட்டக்காரர்தான். கடிதம் வரப்போகிற உற்சாகம். தம்பி டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். அவள் அந்தக் குவளையைக் கழுவும்போது ஒரு நிமிஷம் யோசித்தாள். அப்புறம் விட்டுவிட்டாள்.

காலை பத்து மணிக்குத் தம்பி வந்தான். கடை வாசல் வழியாக வரவில்லை. பட்டறையின் பின்கதவைத் தள்ளிக்கொண்டு, கையில் நீளமான ஒரு காகிதச் சுருளோடு நுழைந்தான்.

"அத்தான் இருக்காரா?"

"ஸ்டேஷனுக்குப் போயிருக்கார். ஏன்டா இப்படித் திருடன் மாதிரி பின்பக்கமா வர்ற?"

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பதினெட்டு வருஷம் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவன். போன மாதம் வேட்பாளராக நிற்பதற்காக வேலையை எழுதிக்கொடுத்துவிட்டாலும் அந்தப் பழக்கம் மணிக்கட்டைவிட்டுப் போகவில்லை. யார் எதைக் கேட்டாலும் முதலில் மணியைப் பார்ப்பான், பிறகுதான் வாயைத் திறப்பான்.

சுருளை மேஜையில் விரித்தான். இரண்டு பேர் படம். ஒருவர் அவன் தலைவர். இன்னொருவர் தலைநகரில் இருக்கும் தேசியக் கட்சித் தலைவர். இரண்டு பேரும் கைகோத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இது எப்ப எடுத்தது?"

"எடுக்கலக்கா, ஒட்டினது. அவங்க ரெண்டு பேரும் இன்னும் நேர்ல பாத்துக்கவே இல்ல. சாயங்காலம்தான் அறிவிப்பு."

அவள் கண்ணாடி வெட்டும் வைரக் கட்டரைக் கீழே வைத்தாள்.

"கூட்டணியா?"

"ம். அங்க பார்லிமென்ட்ல அவங்களுக்கு எங்க பதினோரு பேர் கை தூக்கணும். அதுக்குப் பதிலா இங்க ஒன்பது தொகுதியில அவங்க ஆளை நிறுத்த மாட்டாங்க."

"இந்தத் தொகுதி?"

அவன் கடிகாரத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"அவருக்குத் தெரியாதுடா."

"தெரியாது. எங்க தலைவர் நேத்து மத்தியானம் கூப்பிட்டு எனக்குச் சொல்லிட்டார். அவங்க கட்சியில இங்க யாருக்கும் சொல்லலையாம். நாலு மணிக்கு மேலதான் சொல்லுவாங்களாம்."

"அப்ப அந்தக் கடிதம் கொண்டு வர்ற ஆள்?"

"அப்படி ஒரு ஆளே கிடையாதுக்கா."

அவன் படத்தைத் திரும்பச் சுருட்டினான். 

"மூணு மணி வரைக்கும் சொல்லாதக்கா. அது ஒண்ணுதான் கேக்கறேன். இப்பத் தெரிஞ்சா அவர் சுயேச்சையா நிப்பார். எங்க ரெண்டு பேருக்கும் ஓட்டுப் போடறது ஒரே ஜனம்தான். பாதிப் பாதியா உடைஞ்சிடும். மூணாவதா நிக்கற மர மில்காரர் நோகாம ஜெயிச்சிட்டுப் போவார். நான் வேலையை விட்டுட்டு வந்திருக்கேன். திரும்ப எடுத்துக்க மாட்டாங்க."

"அவரோட இருபத்தாறு வருஷம்?"

"அது அவங்க கட்சி அவருக்குப் பண்ணினது. நான் பண்ணல."

"நேத்து இங்க உக்காந்து டீ குடிச்சியே."

"பாதிதான் குடிச்சேன்" என்றான் தம்பி.

போகும்போது கதவருகில் நின்று, வந்த காரியத்தைச் சொன்னான். ஆறு மணிக்குப் பொதுக்கூட்டம். படம் சட்டம் போட்டு மேடையில் இருக்க வேண்டும். வேறு கடைக்குக் கொண்டுபோனால் விஷயம் பத்து நிமிஷத்தில் ஊர் முழுக்கப் பரவிவிடும். ஐந்து மணிக்கு ஆள் வந்து வாங்கிக்கொள்ளும்.

அவன் போன பிறகு அவள் படத்தை எடுத்து, படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டைகளின் அடுக்குக்கு அடியில் வைத்தாள். பிறகு அளவு பார்த்தாள். இருபதுக்கு இருபத்துநாலு. ஒரு கண்ணாடித் தகட்டை இழுத்து மேஜையில் போட்டாள். கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு, அடிக்கோலை அழுத்திப் பிடித்து, ஒரே இழுப்பில் கோடு போட்டாள். சீழ்க்கை அடிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. நல்ல கோடு என்று அர்த்தம்.

கோடு போட்டால் உடனே உடைத்துவிட வேண்டும். கல்யாணமாகி வந்த முதல் மாதம் அவர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அது. விட்டுவைத்தால் கோடு ஆறிவிடும். ஆறின கோட்டில் உடைத்தால் கண்ணாடி தன் இஷ்டத்துக்குப் போகும்.

கையை விளிம்பில் வைத்தபோது கடைவாசல் கதவு திறந்தது. அவருடைய செருப்புச் சத்தம். அவள் கையை எடுத்துவிட்டாள்.

"பத்தேகால் வண்டியில வரல" என்றபடி உள்ளே வந்தார். முகத்தில் வாட்டமே இல்லை. "அடுத்த வண்டி ஒண்ணு நாப்பதுக்கு. ஸ்டேஷன்லேருந்து தேர்தல் ஆபீசுக்கு நடந்தாலே பத்து நிமிஷம். எல்லாப் பேப்பரும் ரெடி. அந்த ஒரு காகிதத்தைச் செருக வேண்டியதுதான் பாக்கி."

"சாப்பிடறீங்களா?"

"வந்தவுடனே சாப்பிடுவோம். அந்த ஆளும் பசியோடதான் வருவார். மூணு நாள் ரயில்."

அவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, சும்மா இருக்க முடியாமல் சட்டத்துக்கான நீள மரத்துண்டுகளை எடுத்து மூலை வெட்டத் தொடங்கினார். ரம்பம் போய் வந்தது. அவள் எதிரே உட்கார்ந்து பழைய படம் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

சுவரில் அவர் கட்சித் தலைவர் படம் தொங்கியது. சட்டம் பழையது, படம் புதியது. தலைநகரில் தலைவர் மாறும்போதெல்லாம் நாடு முழுக்க உள்ள அலுவலகங்களில் படம் மாற வேண்டும் என்று சுற்றறிக்கை வரும். இந்த இருபத்தாறு வருஷத்தில் ஏழு பேர் அந்தச் சட்டத்துக்குள் வந்து போய்விட்டார்கள். தம்பி கட்சியில் அந்த வேலையே இல்லை. ஒரே தலைவர். சில வருஷத்துக்கு ஒருமுறை அதே ஆளின் புதுப்படம் வரும், முடி இன்னும் கொஞ்சம் கறுப்பாக. சமீப காலமாகப் பக்கத்தில் மகன் படமும் சின்னதாகச் சேர்ந்திருந்தது.

இந்த மனிதர் ஏன் அந்தக் கட்சியைப் பிடித்துக்கொண்டார் என்று அவளுக்குத் தெரியும். இருபத்திரண்டு வயதில் மூன்று நாள் ரயிலில் போய்த் தலைநகரில் மாநாடு பார்த்துவிட்டு வந்தவர். கொட்டகையில் பனி தாங்காமல் நடுங்கியபோது, பக்கத்தில் படுத்திருந்த ஒருவன் தன் போர்வையில் பாதியை இழுத்து இவர்மேல் போட்டானாம். அவன் பேச்சு இவருக்குப் புரியாது, இவர் பேச்சு அவனுக்குப் புரியாது. இரண்டு பேர் சட்டையிலும் நங்கூரம் குத்தியிருந்தது. அந்தப் போர்வையை அவர் இன்னும் விடவில்லை.

தம்பியையும் அவளுக்குத் தெரியும். டிப்போவில் அவன் சேர்ந்த புதிதில் மேலிடத்து உத்தரவெல்லாம் அவனுக்குப் படிக்கத் தெரியாத மொழியில்தான் வரும். ஒரு நாள் உத்தரவு புரியாமல் ஒரு வண்டியை நிறுத்திவைத்ததற்காக அத்தனை பேர் முன்னால் நிற்கவைத்துத் திட்டினார்கள். அந்தக் காகிதங்கள் நம் மொழியில் வரவேண்டும் என்று வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தலைவர் டிப்போ வாசலில் வந்து போராட்டத்துக்கு உட்கார்ந்தார். நாலாம் நாள் மொழி மாறியது. ஐந்தாம் நாள் தம்பி கட்சியில் சேர்ந்தான்.

இரண்டிலும் அவளுக்குக் குற்றம் சொல்லத் தோன்றியதில்லை. இன்றைக்கு முதல்முறையாக இரண்டின்மீதும் கோபம் வந்தது.

சொன்னால் தம்பி தெருவில் நிற்பான். சொல்லாவிட்டால், இதோ, முகம் சுளிக்காமல் மரம் அறுக்கிற இந்த மனிதர் ஒன்று நாற்பதுக்கு மறுபடியும் ஸ்டேஷனுக்குப் போய், இறங்குகிற ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார்.

பன்னிரண்டே முக்கால் மணிக்கு அவர் எழுந்தார். சட்டத்தின் நாலு மூலையையும் பொருத்திப் பார்க்க இடம் வேண்டியிருந்தது. மேஜையில் கிடந்த கண்ணாடியைப் பார்த்தார். கோடு போட்டிருந்ததால் வழக்கம்போல இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து அழுத்தினார்.

கண்ணாடி கோட்டில் பாதிதூரம் போய், அங்கிருந்து வளைந்து, மூலையைத் தின்றுகொண்டு உடைந்தது.

அவர் கையில் கீறல் இல்லை. துண்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டியில் போட்டார். அவளைத் திட்டவில்லை.

"இந்தக் கோடு எப்பப் போட்டது?"

"நீங்க ஸ்டேஷன்லேருந்து வந்தப்ப."

"ரெண்டு மணி நேரமாவா அப்படியே கெடக்கு?"

அவள் தலையை ஆட்டினாள்.

"முப்பது வருஷமாச்சு. நீ ஒருநாள்கூடக் கோடு போட்டுட்டு விட்டதில்ல" என்றார். பிறகு, "இருபதுக்கு இருபத்துநாலு. யாருக்கு?"

அவள் அவரைப் பார்க்காமல் துடைத்துக்கொண்டிருந்த படத்தைப் பார்த்தாள். எவரோ ஒருவருடைய கல்யாணப் படம். கேட்ட கேள்வியை அவர் திரும்பக் கேட்கவில்லை. அது அவர் குணம். பதில் வருகிறவரை நிற்பார். தெருவில் இரண்டு வண்டி போயிற்று. 

அவள் எழுந்தாள். மவுண்ட் அட்டைகளைத் தூக்கி, அடியிலிருந்த சுருளை எடுத்து அவர் முன்னால் விரித்தாள்.

அவர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கடைசியில் அவர் வாயிலிருந்து வந்தது பட்டறைப் பேச்சு.

"நெழல் தப்பு. இவருக்கு வெளிச்சம் இடதுபக்கம், அவருக்கு வலதுபக்கம். மூஞ்சிகூட ஒரே அளவுல இல்ல."

"ஏங்க…"

"உனக்கு எப்பத் தெரியும்?"

"பத்து மணிக்கு."

"அவனுக்கு?"

"நேத்து மத்தியானம்."

"அதான் டீயை வச்சிட்டுப் போனான்" என்றார். முக்காலியில் உட்கார்ந்தார். மடியில் இருந்த மரத்தூளைத் தட்டிவிட்டார். "கடிதம்?"

"வராது."

அவர் போனை எடுத்து மாநிலத் தலைமை அலுவலகத்தைக் கூப்பிட்டார். கையில் மரத்தூள் இருந்ததால் போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் பேசினார். அந்தப் பக்கத்துக் குரலில் அவசரம் தெரிந்தது.

"எல்லாம் நாலு மணிக்குத் தெரியும் சார்."

"மூணு மணிக்கு மனு முடியுதே."

"நாட்டோட நலன்னு ஒண்ணு இருக்கு சார். உங்களை மாதிரி பழைய ஆளுங்களுக்கு நான் சொல்லணுமா? மாவட்ட ஒருங்கிணைப்பாளரா உங்க பேரைத்தான் யோசிச்சிட்டிருக்காங்க."

"ஸ்டேஷனுக்கு ஒரு ஆள் வர்றார்னு சொன்னது யாருங்க?"

அந்தப் பக்கம் லைன் போய்விட்டது.

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வரும் என்று நினைத்தாள். வந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இந்தத் தெருவுல பதினாலு வேட்பாளருக்கு ஓட்டுக் கேட்டிருக்கேன். அதுல பாதிப் பேரை நானே நேர்ல பாத்ததில்ல" என்றார். "நான் ஜெயிக்க மாட்டேன், அது எனக்குத் தெரியும். விட்டுக்குடுன்னு கேட்டிருந்தா குடுத்திருப்பேன். உன் தம்பிக்குத்தானே? ஆனா எவனாவது ஒருத்தன் என் மூஞ்சியைப் பாத்துக் கேட்டிருக்கணும். இப்பக் கேக்க வைக்கறேன். பத்துப் பேர் வேணும்."

"நான் போடறேன்" என்று வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"உன்னோடது போயிடுச்சு" என்றார் அவர். குத்திக்காட்டவில்லை. அளவு சொல்வதுபோலச் சொன்னார்.

பத்துப் பேரைத் தேடி அவளும் கிளம்பினாள். கையெழுத்துப் போட முடியாதவள் நடக்கவாவது செய்யலாம். அவர் தெருவின் ஒரு பக்கம், அவள் மறுபக்கம்.

தினமும் கடையில் வந்து உட்கார்ந்து பேப்பர் படிக்கிற கட்சிக்காரர்கள் நாலு பேரும், "மேலேருந்து என்ன சொல்றாங்கன்னு பாத்துக்கிட்டு…" என்றார்கள். ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர் எதுவும் கேட்காமல் போட்டார். தையல்காரர் வாயில் ஊசியோடு போட்டார். மருந்துக்கடைக்காரர் முழுவதையும் படித்துவிட்டுப் போட்டார்.

"அக்கா, உங்க தம்பிக்கு எதிராவா அலையறீங்க?" என்றாள் சலவைக்கடைப் பெண்.

"எதிரா இல்லம்மா."

"அப்ப?"

அவள் பேனாவை நீட்டினாள். சலவைக்கடைப் பெண் போட்டாள்.

இரண்டே முக்காலுக்கு ஒன்பது சேர்ந்திருந்தது. பத்தாவது கையெழுத்து தேர்தல் ஆபீசுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் கிடைத்தது. கடைக்கார அம்மாள் பிரதி எடுத்துக் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"எந்தக் கட்சி?"

"இப்போதைக்கு எதுவும் இல்லைங்க" என்றார் சட்டக்காரர்.

"அப்பக் குடுங்க, போடறேன்."

ஆபீசுக்குள் ஓடி நுழைந்தபோது குமாஸ்தா கதவில் கைவைத்திருந்தார். சுவர்க்கடிகாரத்தைக் காட்டினார். மூன்றைத் தாண்டி ஒரு நிமிஷம்.

"முடிஞ்சதுங்க."

உள்ளே பெஞ்சில் தம்பி உட்கார்ந்திருந்தான். வேறு யார் மனுப் போடுகிறார்கள் என்று பார்க்கக் கட்சி அவனை அனுப்பியிருந்தது. அத்தானைப் பார்த்தான். அவர் கையில் இருந்த காகிதங்களைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். அவள் கண்ணைத் திருப்பவில்லை.

தேர்தல் அதிகாரி மேஜையிலிருந்து நிமிர்ந்தாள். பதினோரு வருஷமாக டிப்போ பஸ்ஸில் வேலைக்கு வந்துபோகிறவள்.

"அந்தக் கடிகாரம் சரியா? டைம்கீப்பர் இங்கதானே இருக்கார், அவரைக் கேளுங்க."

"மேடம், அவர் எதிர் வேட்பாளர்" என்றார் குமாஸ்தா.

"அதனாலதான் அவரைக் கேக்கச் சொல்றேன்."

 தம்பி மணிக்கட்டைத் திருப்பினான். பார்க்க ஒரு நொடி போதும். அவன் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த ஊரில் எத்தனையோ ஆயிரம் வண்டி அந்தக் கடிகாரத்தை நம்பித்தான் கிளம்பியிருக்கிறது. ஒன்றுகூட முன்னால் போனதில்லை, பின்னால் போனதில்லை.



"ரெண்டு அம்பத்தெட்டு" என்றான் தம்பி.  "உங்க கடிகாரம் மூணு நிமிஷம் முந்தி ஓடுது மேடம். நாலு வருஷமா அப்படித்தான் ஓடுது."

மனுவை வாங்கிக்கொண்டார்கள். வாபஸ் வாங்க மூன்று நாள் இருப்பதாக அதிகாரி வழக்கமான வார்த்தைகளில் சொன்னாள். சட்டக்காரர் திரும்பும்போது மைத்துனன் முன்னால் ஒரு கணம் நின்றார்.

"மாப்ள, டீ பாக்கி இருக்கு" என்றார்.

தம்பி தலை நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டையைக் கழற்றி மாட்டினார்.

"கண்ணாடி வெட்டு. அஞ்சு மணிக்கு ஆள் வரும்னு சொன்னான்ல?"

"அந்தப் படத்துக்கா?"

"வாங்கின வேலையைச் செஞ்சுதானே குடுக்கணும்?"

அவள் புதுத் தகட்டை மேஜையில் போட்டாள். கோடு போட்டாள். அடுத்த மூச்சில் உடைத்தாள். நூல் பிடித்தாற்போல் பிரிந்தது. அவர் படத்தை வைத்து, பின்னட்டை அடைத்து, ஆணி அடித்து, ஓரத்தில் பசைத்தாள் ஒட்டினார். பசை காயட்டும் என்று அவள் அதைச் சுவர் பக்கம் திருப்பிச் சாய்த்து வைத்தாள்.

ஐந்து மணிக்கு ஆள் வரவில்லை. ஐந்து பத்துக்கு ஒரு கார் வந்து நின்றது. எதிர்க்கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். காரிலிருந்து இறங்கியது வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக்காரர். தம்பியின் தலைவர். படத்தில் இருந்ததைவிட வயதானவராக இருந்தார். கூட யாருமில்லை. தலைநகரிலிருந்து ஆறு நாளாக ஒரு காகிதம் வந்து சேரவில்லை. இவர் வந்து சேர ஆறு நிமிஷம் ஆகியிருக்கும்.

சட்டக்காரர் வேட்டித் துணியால் கையைத் துடைத்தார். இருபத்தாறு வருஷத்தில் இந்தக் கடைக்கு வந்த முதல் தலைவர் எதிர்க்கட்சிக்காரர் என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். உதட்டோரம் லேசாகச் சிரித்தார்.

"உக்காருங்க. பசை காயணும்."

தலைவர் முக்காலியில் உட்கார்ந்தார்.

"படத்துக்காக வரல. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு வந்தேன். நேர்ல பாத்துக் கேக்கறதுதான் முறை."

பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து, மரத்தூளை ஊதிவிட்டு மேஜையில் வைத்தார். வாபஸ் மனு. கையெழுத்துக்கான இடம் தவிர எல்லாம் நிரப்பியிருந்தது.

அவள் எட்டிப் பார்த்தாள். எண்களைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஏழுக்கு நடுவில் சின்னக் கோடு இழுக்கும் கை இந்த ஊரில் ஒன்றுதான் உண்டு. சிறுவயதில் அவள்தான் தம்பியை அப்படி எழுதப் பழக்கியிருந்தாள்.

தேதிக்குப் பக்கத்தில் நேரம் என்ற கட்டத்தைக்கூட அவன் விட்டுவைக்கவில்லை. 5.20 என்று எழுதியிருந்தான்.

சட்டக்காரர் பேனாவையும் எடுக்கவில்லை, படிவத்தையும் தள்ளவில்லை. திரும்பி அவளைப் பார்த்தார். கண்ணாடியைப் பற்றிக் கேட்டபோது நின்றதுபோலவே, பதில் வருகிறவரை நிற்கப்போகிறவர்போல நின்றார்.

அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். தம்பி எழுதிய நேரத்துக்கு இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது.